காதுக்கு ஒரு புள்ளி, காலுக்கு இரண்டு

புதிதாகக் கட்டி முடித்த அறைக்குள் நுழைந்ததும் நான் முதலில் செய்கிற வேலை, நடுவில் நின்று ஒரு முறை கைதட்டுவது. மேசை நாற்காலி இன்னும் வராத அறை என்றால் வசதி. தட்டிய கை ஓய்ந்த பிறகு ஓசை எங்கே போகிறது, எவ்வளவு நேரம் தங்குகிறது என்று காது கொடுத்துக் கேட்பேன். சில அறைகளில் ஓசை தட்டிய இடத்திலேயே அடங்கிவிடும். சில அறைகளில் கண்ணாடிக்கும் எதிர்ச்சுவருக்கும் நடுவே பந்துபோல ஓடிக்கொண்டே இருக்கும். அப்படிப்பட்ட அறையில் யாரோ தினமும் எட்டு மணி நேரம் உட்காரப்போகிறார்கள் என்ற நினைப்பு வந்ததும் மனம் கனத்துவிடும்.

நான் படித்தது கட்டடக்கலை. வரைபடம் போடும் வேலையிலிருந்து மெல்ல நகர்ந்து, பசுமைக் கட்டடச் சான்றிதழுக்கான ஆவணங்களைத் தயாரிக்கும் வேலைக்கு வந்து பதினான்கு ஆண்டுகள் ஆகின்றன. பெரும்பாலும், அமெரிக்கப் பசுமைக் கட்டடக் கழகம் உருவாக்கிய லீட் (LEED) முறையில் தரும் சான்றிதழ். மொத்தம் 110 புள்ளிகள். 40 எடுத்தால் சான்றிதழ், 50க்கு வெள்ளி, 60க்குத் தங்கம், 80க்குப் பிளாட்டினம். இத்தனை ஆண்டுகளில் மின்சாரப் புள்ளிகளுக்காகவும் தண்ணீர்ப் புள்ளிகளுக்காகவும் நான் உட்கார்ந்த கூட்டங்களுக்குக் கணக்கில்லை. ஒலிக்கென்று தனியாக ஒரு கூட்டம் நடந்ததை விரல்விட்டு எண்ணிவிடலாம். 2013இல் வந்த நான்காம் பதிப்பின்படி, அலுவலகக் கட்டடம் ஒன்றுக்கு ஒலிக்காகக் கிடைப்பது ஒரே ஒரு புள்ளி. "ஒரு புள்ளிதானே மேடம், அதைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம்" என்று திட்ட மேலாளர்கள் சொல்வார்கள். நானும் பல ஆண்டுகள் தலையாட்டியிருக்கிறேன்.

தலையாட்டுவதை நிறுத்தியது ஓர் அலுவலகக் கட்டடத்துக்குப் பிறகுதான். பெயர் வேண்டாம். தங்கச் சான்றிதழ் வாங்கிய கட்டடம். மேற்கு வெயிலைத் தடுக்கும் பட்டைகள், மழைநீர் சேகரிப்பு, கூரையில் சூரியத் தகடுகள் என்று எதிலும் குறை சொல்ல முடியாது. ஆட்கள் குடியேறி மூன்று மாதம் கழித்து, அங்கே மனிதவளப் பிரிவில் இருந்த ஓர் அம்மையார் என்னைத் தொலைபேசியில் அழைத்தார். ஊழியர் ஒருவர் தன் உடல்நிலையைப் பற்றி அவரிடம் தனியாகப் பேச வந்திருக்கிறார். கதவைச் சாத்திக்கொண்டு பேசியிருக்கிறார்கள். மறுநாள் காலை, பக்கத்து அறையில் உட்கார்ந்திருந்தவர் அந்த ஊழியரிடம் போய் அனுதாபம் தெரிவித்திருக்கிறார். "அவருடைய முகத்தை என்னால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை" என்றார் அந்த அம்மையார். குரலில் கோபம் இல்லை, வருத்தம்தான் இருந்தது. அதனால்தான் எனக்கு அதிகம் வலித்தது.

மறுநாளே போய்ப் பார்த்தேன். சுவர் நல்ல சுவர்தான். இரண்டு பக்கமும் இரட்டை ஜிப்சம் பலகை, நடுவே கல்கம்பளி. பரிசோதனைக் கூடத்தில் நிறுத்தினால் தேர்ச்சி பெறும். ஏணி போட்டு ஏறி ஃபால்ஸ் சீலிங்கின் ஓர் ஓட்டுப் பலகையை நகர்த்திவிட்டு டார்ச் அடித்தேன். சுவர் அங்கேயே, சீலிங்கோடு நின்றுவிட்டிருந்தது. அதற்கு மேல் கான்கிரீட் தளம் வரைக்கும் முக்கால் மீட்டர் வெற்றிடம். நான் பிடித்த வெளிச்சம் மூன்று அறைகளைத் தாண்டிப் போய் எங்கோ ஒரு காற்றுக்குழாயில் விழுந்தது. வெளிச்சம் போகிற வழியில் பேச்சு போகாதா? லேசான சீலிங் ஓடு வழியாக ஏறி, சுவரைத் தாண்டி, அந்தப் பக்கத்து ஓடு வழியாக இறங்கிவிடும்.

இந்த இடத்தில் கொஞ்சம் கணக்குப் பேச வேண்டியிருக்கிறது. ஒரு சுவர் பேச்சை எவ்வளவு தடுக்கிறது என்பதை எஸ்.டி.சி. என்ற ஒற்றை எண்ணால் சொல்கிறார்கள். லீட் நான்காம் பதிப்பில், அடுத்தடுத்த இரண்டு சாதாரண அலுவலக அறைகளுக்கு நடுவே 45, இரண்டு கூட்ட அறைகளுக்கு நடுவே 50, இரண்டு வீடுகளுக்கு நடுவே 55, இயந்திர அறைக்கும் ஆட்கள் இருக்கும் இடத்துக்கும் நடுவே 60 வேண்டும். அட்டவணையில் கேட்பது சுவர், கதவு, இடுக்கு எல்லாம் சேர்ந்த கூட்டு எண். ஆனால் கோப்பில் பெரும்பாலும் சுவரின் எண் மட்டும் ஏறுகிறது. அங்கேதான் எல்லாம் கெடுகிறது. ஒரு சுவரின் பரப்பில் நூற்றில் ஒரு பங்கு திறந்திருந்தால், மீதி 99 பங்கை எவ்வளவு கனமாகக் கட்டினாலும் மொத்தத் தடுப்பு 20 டெசிபலைத் தாண்டாது. நான்கு மீட்டர் நீளம், மூன்று மீட்டர் உயரம் உள்ள சுவரில் ஒரு கதவு இருக்கிறது என்று வையுங்கள். கதவு 90 செ.மீ. அகலம், அடியில் ஒரு செ.மீ. இடைவெளி. ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. ஆனாலும் அந்த ஒரு கீற்று, 50 தர வேண்டிய சுவரை 31க்கு இழுத்துவிடும். கதவைச் சாத்தி, உள்ளே விளக்கைப் போட்டுவிட்டு, வெளியே இருட்டில் நின்று பாருங்கள். வெளிச்சக் கோடு தெரிந்தால் பேச்சும் வரும். கருவி எதுவும் வேண்டாம்.

அந்தக் கட்டடத்தில் சீலிங்குக்கு மேலே சுவரை நீட்டித்தோம். மின்கம்பித் தட்டுகள், குழாய்கள், தெளிப்பான்கள் எல்லாம் அதற்குள் குறுக்கும் நெடுக்குமாக ஓடிக்கொண்டிருந்தன. ஒவ்வொன்றையும் சுற்றி வெட்டி அடைக்க வேண்டியிருந்தது. ஆட்கள் வேலை செய்யும் அலுவலகத்தில் இரவில்தான் செய்ய முடிந்தது. கட்டும்போதே தளம் வரை ஏற்றியிருந்தால் ஒரு நாள் வேலை. பதினொரு இரவுகள் ஆயின.

பசுமைக் கட்டடங்களில் இது ஏன் இவ்வளவு நடக்கிறது என்று பிறகு நான் யோசித்துப் பார்த்தேன். காரணம் அலட்சியம் மட்டும் என்று சொல்ல மாட்டேன். நாம் நல்லது என்று நினைத்துச் செய்கிற பலவும் காதுக்கு எதிராகப் போய் நிற்கின்றன. பகல் வெளிச்சம் உள்ளே வரைக்கும் வர வேண்டும் என்று தடுப்புகளைத் தாழ்த்துகிறோம். பேச்சு தடையில்லாமல் ஓடுகிறது. எல்லோருக்கும் வெளிக்காட்சி தெரிய வேண்டும் என்று சுவர்களைக் கண்ணாடியாக்குகிறோம். கண்ணாடி ஓசையை விழுங்குவதில்லை, திருப்பி அனுப்புகிறது. கான்கிரீட் தளம் குளிர்ச்சியைத் தேக்கி வைக்கட்டும் என்று சீலிங்கையே எடுத்துவிடுகிறோம். அறையின் மிகப் பெரிய ஒலி உறிஞ்சி அதோடு போய்விடுகிறது. ரசாயன வாயு வெளிவரக் கூடாதென்று கார்ப்பெட்டைத் தவிர்க்கிறோம். காலடி ஓசை கூடுகிறது. கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் இயங்கும் கட்டடச் சூழல் மையம், கட்டடங்களில் இருப்பவர்களிடமே கருத்துக் கேட்டு நெடுங்காலமாகத் தரவு சேர்த்துவருகிறது. 2006இல் அவர்கள் வெளியிட்ட ஆய்வில், பசுமைக் கட்டடங்களில் காற்றின் தரத்திலும் வெப்பநிலையிலும் ஆட்களின் திருப்தி கூடியிருந்தது. ஒலியில் அந்த முன்னேற்றம் தெரியவில்லை. அப்போது லீட் விதிகளில் சாதாரண அலுவலகக் கட்டடத்துக்கு ஒலிப்புள்ளி என்று ஒன்றே கிடையாது. 2009 பதிப்பிலும் பள்ளிகளுக்கும் மருத்துவமனைகளுக்கும் மட்டுமே இருந்தது. 2013இல் நான்காம் பதிப்பு வந்த பிறகுதான் மற்றக் கட்டடங்களுக்கும் அந்த ஒரு புள்ளி வந்தது.

நான்காம் பதிப்பு கேட்பவை மூன்று முக்கியமான விஷயங்கள்: ஏ.சி.யின் இரைச்சல் எவ்வளவு, அறைக்கு அறை பேச்சு எவ்வளவு கசிகிறது, அறைக்குள் எதிர்முழக்கம் எவ்வளவு நேரம் நிற்கிறது. பேச்சை மறைக்க மெல்லிய பின்னணி ஓசையை ஒலிபெருக்கியில் விடுவதாக இருந்தால் அது 48 டெசிபலைத் தாண்டக் கூடாது.

எதிர்முழக்கம்தான் எனக்குப் பிடித்த பகுதி. அதற்குப் பின்னால் இருக்கும் கதையே ஒரு காரணம். 1895இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் ஃபாக் அருங்காட்சியகத்துக்குப் புதிதாகக் கட்டிய சொற்பொழிவுக் கூடத்தில், பேசுகிறவர் சொல்வது யாருக்கும் புரியவில்லை. வாலஸ் சபைன் என்ற இளம் இயற்பியல் ஆசிரியரிடம் சரிசெய்யும்படி கேட்டார்கள். அவரிடம் இருந்தது ஓர் ஆர்கன் குழாய், நேரம் குறிக்கும் கருவி, தன்னுடைய இரண்டு காதுகள். ஊர் அடங்கிய பிறகு இரவு இரவாக வேலை செய்தார். பக்கத்திலிருந்த சாண்டர்ஸ் அரங்கத்து இருக்கை மெத்தைகளைக் கொண்டுவந்து கூடத்தில் பரப்பினார். மெத்தை கூடக்கூட ஓசை சீக்கிரம் அடங்கியது. காலிக் கூடத்தில் ஐந்தரை நொடி நின்ற ஓசை எத்தனை மெத்தைக்கு எத்தனை நொடியாகக் குறைகிறது என்று எழுதிக்கொண்டே வந்தார். விடிவதற்குள் மெத்தைகளைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். அந்த இரவுகளிலிருந்து வந்த சூத்திரத்தைத்தான் இன்றும் நான் தாளில் போட்டுப் பார்க்கிறேன்: அறையின் கன அளவை 0.161ஆல் பெருக்கி, அறையில் உள்ள மொத்த உறிஞ்சு பரப்பால் வகுத்தால், ஓசை 60 டெசிபல் குறைய எடுக்கும் நேரம் நொடியில் கிடைக்கும்.

ஆறு மீட்டர் நீளம், ஐந்து அகலம், மூன்று உயரம் உள்ள ஒரு கூட்ட அறையை எடுத்துக்கொள்ளுங்கள். எல்லாப் பக்கமும் கண்ணாடி, கான்கிரீட், வழவழப்பான தரை. இவை தம்மேல் படும் ஓசையில் ஏறத்தாழ நூற்றுக்கு ஐந்து பங்கைத்தான் உறிஞ்சும். கணக்குப் போட்டால் 2.3 நொடி. லீட் கேட்பது 0.6. ஒருவர் சொன்ன வார்த்தை முடிவதற்குள் அடுத்த மூன்று வார்த்தைகள் அதன்மேல் ஏறிவிடும். தொலைபேசி வழியாகக் கேட்பவருக்கு எல்லாமே சேறு. இப்போது கூரையில் மட்டும், நூற்றுக்கு எழுபது பங்கு உறிஞ்சும் பலகையைப் பதியுங்கள். வேறெதையும் தொட வேண்டாம். 0.56க்கு வந்துவிடும். ஒரே ஒரு பரப்பை மாற்றினால் போதும் என்பது ஒவ்வொரு முறையும் எனக்கு வியப்பாக இருக்கிறது. முழுக் கூரையையும் மூட மனமில்லாதவர்கள் பலகைகளைத் துண்டு துண்டாகத் தொங்கவிடலாம். இரண்டு பக்கமும் உறிஞ்சும். கான்கிரீட்டின் குளிர்ச்சியும் கீழே வரும்.

பள்ளிகள் விஷயத்தில் விதி கடுமையாக இருப்பது எனக்கு ஆறுதல். நான்காம் பதிப்பில் அங்கே ஒலி வெறும் விருப்பப் புள்ளி அல்ல, கட்டாய நிபந்தனையும்கூட. வகுப்பறையில் ஏ.சி. இரைச்சல் 40 டெசிபலுக்கு மேல் போனால் சான்றிதழே இல்லை. கூடுதல் புள்ளி வேண்டுமானால் 35. பெரியவர்கள் பாதி கேட்டாலும் மீதியை ஊகித்துக்கொள்வோம். புதுச் சொல்லை அன்றுதான் முதன்முதலாகக் கேட்கிற குழந்தைக்கு ஊகிக்க என்ன இருக்கிறது? கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கும் பிள்ளை கவனிக்கவில்லை என்று ஆசிரியர் சொல்லும்போது, அந்தப் பிள்ளைக்குக் கேட்டதா என்று யாராவது ஒரு முறை அந்த நாற்காலியில் உட்கார்ந்து பார்க்க வேண்டும்.

இனி காலுக்கு வருகிறேன்.

லீட் நான்காம் பதிப்பில், கட்டடத்தின் முதன்மை வாசலிலிருந்து 800 மீட்டர் நடைக்குள் நூலகம், மருந்துக்கடை, வங்கி, மருத்துவமனை, குழந்தைகள் காப்பகம், பூங்கா போன்ற இடங்கள் நான்கிலிருந்து ஏழு இருந்தால் ஒரு புள்ளி; எட்டும் அதற்கு மேலும் இருந்தால் இரண்டு. ஒரே வகையில் இரண்டுக்கு மேல் எண்ண முடியாது. குறைந்தது மூன்று பிரிவுகளிலிருந்தாவது வர வேண்டும். பத்து மருந்துக்கடைகளைக் காட்டி ஒப்பேற்ற முடியாது. 2009 பதிப்பில் வரைபடத்தில் அரை மைல் ஆரத்துக்கு ஒரு வட்டம் போட்டு எண்ணினோம். நான்காம் பதிப்பு வட்டத்தை எடுத்துவிட்டு நடைதூரத்தைக் கொண்டுவந்தது. மனிதர் உண்மையில் நடக்கிற தூரம். தொடர்ச்சியான நடைபாதை, எல்லாப் பருவத்திலும் நடக்கக்கூடிய தரை, சாலையைக் கடக்கும் இடம் ஆகியவற்றின் வழியாக, தடையில்லாமல், பாதுகாப்பாக. இந்த ஒரு சொல் மாற்றத்தை நான் பெரிதாக மதிக்கிறேன். வட்டம் பறவைக்குச் சரி. ஆட்கள் காலால்தான் போகிறார்கள்.

எங்களிடம் ஓர் அளவுச் சக்கரம் இருக்கிறது. நீளமான கைப்பிடி, அடியில் ஒரு சக்கரம்; ஒரு மீட்டருக்கு ஒரு முறை 'டக்' என்று ஒலிக்கும். வரைபடத்தில் நடைதூரத்தைக் கணினியே காட்டிவிடும். ஆவணத்துக்கு அதுவே போதும். ஆனாலும் நான் சக்கரத்தோடு போகிறேன். ஐந்து ஆண்டுகளுக்கு முன் ஒரு திட்டம் வந்தது. கீழே அலுவலகங்கள், மேலே வீடுகள். முன்னால் வண்டிகள் ஓடும் பெரிய சாலை, பின்னால் பழைய குடியிருப்புத் தெருக்கள். பேருந்து நிறுத்தம், நூலகம், சிறு மருத்துவமனை எல்லாம் பின்பக்கத் தெருக்களின் கோடியில். வரைபடத்தில் நிறுத்தம் 280 மீட்டர். சக்கரத்தை உருட்டினேன். பின்பக்கம் முழுக்கச் சுற்றுச்சுவர் திட்டமிட்டிருந்தார்கள். முன்வாசல் வழியாக வெளியேறி, மனையைச் சுற்றி, நடைபாதை அறுந்து கிடந்த இடத்தில் சாலையில் இறங்கி ஏறி, நிறுத்தத்தில் போய் நின்றபோது சக்கரம் 1,130 என்று காட்டியது. பேருந்து நிறுத்தத்துக்கு விதி வைத்திருக்கும் எல்லை 400 மீட்டர்.

திரும்பி வரும்போது நினைத்துக்கொண்டே வந்தேன். இந்தக் கட்டடத்தைத் துப்புரவு செய்ய வருகிறவர்கள் காலையில் எல்லோருக்கும் முன்னால் வருவார்கள். அவர்களிடம் கார் இருக்காது. எண்ணூற்றைம்பது மீட்டர் கூடுதலாக நடப்பார்கள். வேலை முடிந்து களைத்துப்போய் அதே எண்ணூற்றைம்பதைத் திரும்ப நடப்பார்கள். ஒரு வாசல் இல்லாததால்.

அந்தத் திட்டத்தில்தான் காதும் காலும் ஒரே மேசையில் எதிரெதிராக உட்கார்ந்தன. முன்பக்கச் சாலையில் இரைச்சல் அதிகம். உரிமையாளர் தரப்பில் ஒரு யோசனை வந்தது: கட்டடத்தை இன்னும் உள்ளே தள்ளிவிடுவோம், முன்னால் கார் நிறுத்துமிடம் போடுவோம், வீடுகளுக்கு அமைதி கிடைக்கும். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருந்தது. கூட்டத்தில் பாதிப் பேர் ஒப்புக்கொண்டுவிட்டார்கள்.

நான் வெள்ளைப் பலகைக்குப் போய் ஒரே ஒரு கணக்கைப் போட்டேன். ஓடிக்கொண்டே இருக்கும் சாலை, ஒலியைப் பொறுத்தவரை, ஒரு புள்ளியாக இல்லாமல் ஒரு கோடாக நடந்துகொள்ளும். கோட்டிலிருந்து விலகும்போது, தூரம் இரட்டிப்பாகும் ஒவ்வொரு முறையும் குறைவது வெறும் மூன்று டெசிபல். ஏழரை மீட்டரில் இருந்த முகப்பைப் பதினைந்துக்குத் தள்ளினால் மூன்று. முப்பதுக்குத் தள்ளினால் ஆறு. ஓசை பாதியாகக் குறைந்துவிட்டது என்று காது உணர வேண்டுமானால் ஏறத்தாழ பத்து டெசிபல் குறைய வேண்டும். ஆக, மனையின் முன்பாதியைத் தாரைவார்த்துக் கொடுத்தாலும் படுக்கையறையில் இருப்பவர் பெரிதாக வித்தியாசம் உணர மாட்டார். ஆனால் நடைபாதையில் போகிறவர் உடனே உணர்வார்: கடை வாசல்கள் போய்விடும், நிழல் போய்விடும், ஒரு பக்கம் வண்டிகள் ஓடும், மறுபக்கம் வண்டிகள் நிற்கும்.

லீட்டின் குடியிருப்புப்பகுதி வளர்ச்சிக்கான தனி முறை ஒன்று இருக்கிறது. அமெரிக்கப் பசுமைக் கட்டடக் கழகமும், புதிய நகரியத்துக்கான பேரவையும், இயற்கை வளப் பாதுகாப்புக் கழகமும் சேர்ந்து உருவாக்கியது. நடக்கத் தகுந்த தெரு எப்படி இருக்க வேண்டும் என்று அதில் மீட்டர் கணக்கில் எழுதியிருக்கிறார்கள். நடைபாதையை ஒட்டிய முகப்பில், கதவோ சன்னலோ இல்லாத வெற்றுச் சுவர் நூற்றுக்கு நாற்பது பங்கையோ 15 மீட்டரையோ, எது குறைவோ அதைத் தாண்டக் கூடாது. மரங்களுக்கிடையே 15 மீட்டருக்கு மேல் இடைவெளி விடக் கூடாது. வாகன நிறுத்தக் கதவுகள் தெருமுகப்பில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் அடைக்கக் கூடாது. முதல் முறை படித்தபோது எதற்கு இவ்வளவு துல்லியம் என்று தோன்றியது. சக்கரத்தோடு நடக்கத் தொடங்கிய பிறகு புரிந்தது. வெற்றுச் சுவரை ஒட்டி நடக்கும்போது 15 மீட்டர் எவ்வளவு நீளம் என்பது காலுக்குத் தெரியும். அதிலும் இரவில், தனியாக நடக்கிற பெண்ணுக்கு நன்றாகவே தெரியும்.

எங்கள் திட்டத்தில் கடைசியில் செய்தது, கட்டடத்தைச் சாலையை ஒட்டியே இடைவெளியில்லாமல் நீளமாக நிறுத்தியதுதான். தரைத்தளத்தில் கடைகள், அலுவலக வாசல்கள். மேலே சாலைப் பக்கமாகப் பொது நடைவழி, படிக்கட்டு, குளியலறை, துணி காயவைக்கும் இடம். படுக்கையறைகள் எல்லாம் பின்பக்கம், உள்முற்றத்தைப் பார்த்து. தொடர்ச்சியாக நிற்கும் கட்டடமே ஒலித் தடுப்பாகிவிடுகிறது. அதன் பின்புறத்தில் சாலை ஓசை பத்து டெசிபலுக்கு மேல் குறைவது இயல்பு. தள்ளிக் கட்டினால் மூன்றோ ஆறோ தேறுகிற இடத்தில் இது பத்து. நடக்கிறவருக்கு வாசல்கள் நிறைந்த தெரு, தூங்குகிறவருக்கு அமைதியான முற்றம். இரண்டையும் ஒரே சுவர் தருகிறது. நல்ல தெருவும் நல்ல தூக்கமும் ஒன்றுக்கொன்று பகை என்ற எண்ணம் எனக்கும் இருந்தது. அது அன்றோடு போயிற்று.

இதில் ஒரு கண்ணி உண்டு. கட்டடத்தில் நடுவே வாகனம் நுழைய ஒரு பெரிய திறப்பு விட்டால் ஓசை அதன் வழியே முற்றத்துக்குள் வந்துவிடும். கதவடி இடுக்கின் அதே கதைதான், அளவு மட்டும் பெரிது. எங்கள் திறப்பை ஓரத்துக்கு நகர்த்தி வளைத்துவிட்டோம்.

வண்டிகளின் வேகமும் இதில் சேரும். மெதுவாகப் போகும் காரில் என்ஜின் ஓசை முன்னால் நிற்கும். ஏறத்தாழ 40 கி.மீ. வேகத்தைத் தாண்டினால் டயர் சாலையில் உரசும் ஓசை அதை விழுங்கிவிடும். குடியிருப்புத் தெருக்களை 30 கி.மீ. வேகத்துக்கும் கடைத் தெருக்களை 40 கி.மீ. வேகத்துக்கும் வடிவமைத்தால் லீட்டின் குடியிருப்புப்பகுதி முறையில் புள்ளி உண்டு. நடக்கிறவரின் உயிருக்காக எழுதிய விதி என்றுதான் நினைத்திருந்தேன். மாடியில் தூங்குகிற குழந்தைக்கும் அது பயன்படுகிறது. சாலை போடும் அதிகாரம் நம் கையில் இல்லாத மனைகளில் இதற்கு வழியில்லை. வளாகத்துக்குள் ஓடும் சாலைகளிலாவது செய்யலாம்.

தீராத ஒரு சிக்கலையும் சொல்ல வேண்டும்: சன்னல். இயற்கைக் காற்றுக்குச் சன்னலைத் திற என்கிறது ஒரு புள்ளி. திறந்த சன்னல் வெளி ஓசையில் பத்து, பதினைந்து டெசிபலைத்தான் குறைக்கும். ஐரோப்பியப் பகுதிக்காக உலக சுகாதார நிறுவனம் 2018இல் வெளியிட்ட பரிந்துரை, சாலை இரைச்சல் இரவில் கட்டடத்துக்கு வெளியே 45 டெசிபலுக்குக் கீழே இருக்க வேண்டும் என்கிறது. பெரிய சாலைகளின் ஓரம் அது நடக்காத காரியம். சாலைப் பக்கச் சன்னலைச் சாத்தி ஏ.சி. போட்டால் மின்சாரம், திறந்தால் தூக்கம் போகும். முற்றத்துப் பக்கம் திறக்கும் சன்னல் ஒன்றாவது ஒவ்வொரு வீட்டுக்கும் இருக்கட்டும் என்று நான் பிடிவாதம் பிடிப்பது இதனால்தான். மூலை வீடுகள் இரண்டில் முடியவில்லை. அந்த இரண்டு வீடுகளும் இன்னும் என் மனதை உறுத்துகின்றன.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் என்னிடம் எதிலிருந்து தொடங்குவது என்று கேட்கிறார்கள். முதல் கோடு விழுவதற்கு முன் மனைக்குப் போங்கள் என்கிறேன். காலை, மாலை, நள்ளிரவு என்று மூன்று வேளையும் நின்று கேளுங்கள். எல்லாத் திசைக்கும் நடந்து பாருங்கள். சூரியத் தகட்டைக் கட்டடம் முடிந்த பிறகும் கூரையில் வைக்கலாம், தண்ணீர்க் குழாயைப் பிறகும் மாற்றலாம். படுக்கையறை எந்தப் பக்கம் பார்க்கிறது, வாசல் எங்கே விழுகிறது, சுவர் எதுவரை ஏறுகிறது என்பவற்றைப் பின்னால் காசு கொடுத்து வாங்க முடியாது. புள்ளி ஒன்றா இரண்டா என்று பார்த்து இவற்றைக் கடைசிக்குத் தள்ளுகிறோம். கடைசிக்கு வரும்போது செய்வதற்கு எதுவும் மிச்சமிருப்பதில்லை.

பின்பக்கச் சுவரில் ஒரு வாசல் வைக்க வேண்டும் என்று நான் கேட்டபோது, காவல் இரட்டிப்பாகும் என்று மறுத்தார்கள். மூன்று கூட்டங்களில் அதே பதில். நான்காவது கூட்டத்துக்கு முன்னால் திட்ட மேலாளரை அழைத்துக்கொண்டு போய் அவர் கையில் சக்கரத்தைக் கொடுத்தேன். "நீங்களே உருட்டுங்கள் சார்" என்றேன். வெயில் ஏறிவிட்டிருந்தது. அறுநூறைத் தாண்டியதும் அவர் பேசுவதை நிறுத்திவிட்டார். சக்கரம் மட்டும் 'டக், டக்' என்று சொல்லிக்கொண்டே வந்தது. நடைபாதை அறுந்த இடத்தில் ஒரு லாரிக்கு ஒதுங்கி நின்றோம். நிறுத்தத்தில் போய் உட்கார்ந்து தண்ணீர் குடித்துவிட்டு, "ஒன்றரை மீட்டர் அகலம் போதுமா?" என்று கேட்டார். சக்கர நாற்காலியும் எதிரே வருகிறவரும் ஒரே நேரத்தில் போக இரண்டு வேண்டும் என்றேன்.

இரண்டு மீட்டர் வாசல் வந்தது. திறந்த வாரத்தில் ஒரு நாள் விடியற்காலையில் போய் நின்றேன். துப்புரவுப் பணிக்கு வந்த நான்கு பெண்கள் பேருந்திலிருந்து இறங்கிப் பேசிக்கொண்டே நேராக வந்தார்கள். முதலில் வந்தவர் பழக்கத்தில் சுவரை ஒட்டி இடப்பக்கம் திரும்பிவிட்டார். பின்னால் வந்தவர் அவர் தோளைத் தொட்டு, "அக்கா, இங்கே வழி இருக்கிறது" என்றார். முற்றத்துக்குள் அவர்கள் நுழைந்த பிறகும் அந்தப் பேச்சு எனக்குத் தெளிவாகக் கேட்டுக்கொண்டிருந்தது.